நிற்கிற கால்

இன்று காலை சாண்டா என்ற சீனச் சண்டைக் கலைப் பயிற்சியில் ஆசிரியர் நான் உதைத்த காலைப் பார்க்கவே இல்லை. தரையில் ஊன்றிய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குதிகால் எங்கே பார்க்குது?” என்றார்.

குனிந்து பார்த்தேன். அது அப்படியே பின்னால் கிடந்தது. குதிகால் இலக்கை நோக்கித் திரும்பாமல் இடுப்பு திரும்பாது. இடுப்பு திரும்பாத உதையில் முழங்காலின் பலம் மட்டும்தான் இருக்கும்.

சாண்டாவில் இந்தச் சுற்று உதைக்கு ‘பியென் துய்’ என்று பெயர். பியென் என்றால் சாட்டை, துய் என்றால் கால். எவ்வளவு பொருத்தமான பெயர்! சாட்டையைச் சொடுக்கிவிட்டு அங்கேயே விட்டுவைப்போமா? அடித்த வேகத்திலேயே கால் திரும்பி வந்துவிட வேண்டும். வராவிட்டால் எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு நம்மைத் தரையில் சாய்ப்பார். சாண்டா போட்டியில் அதற்குப் புள்ளியும் உண்டு.

‘தெற்கே கை, வடக்கே கால்’ என்று சீனாவில் ஒரு வழக்கு இருக்கிறது. ஆனால் கால் வீச்சுக்குப் பெயர்போன வடக்கின் ‘தான் துய்’ என்ற பத்து வரிசைப் பயிற்சியில்கூட உதை பெரும்பாலும் நேராக, தாழ்வாகத்தான் போகும். ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடி எத்தனை ஆபத்தானது என்று பழைய ஆசான்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அரை மணி நேரம் ஆசிரியர் என்னை உதைக்கவே விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மட்டும் திருப்பினேன்.

கடைசியில் ஒரே ஒரு உதை. உதை வாங்கும் திண்டிலிருந்து வந்த சத்தமே வேறு.