பார்கின்சனுக்கு வீடியோ கேம் பயிற்சி: வீட்டில் கவனிக்க வேண்டியவை

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வீட்டில் பழைய கினெக்ட் (உடல் அசைவைப் பார்த்து வீடியோ கேமை இயக்கும் எக்ஸ்பொக்ஸ் கமரா) சும்மா கிடக்கிறதா? பார்கின்சன் உள்ள அப்பாவுக்கோ வாப்பாவுக்கோ அது உதவும். திரையில் வரும் பந்தை எட்டிப் பிடிக்கும்போது, நோயால் சிறுத்துப்போன அசைவு மறுபடி பெரிதாகிறது. மருந்துக்கு இது மாற்று அல்ல. ஏற்கெனவே விழுந்தவர் என்றால் முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

நேரம்தான் முக்கியம். பார்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா குளிசை வேலை செய்யும்போது, பெரும்பாலும் எடுத்து 30 முதல் 60 நிமிடம் கழித்து, தொடங்குங்கள். மருந்தின் வேலை குறைந்த நேரத்தில் ஆட வைத்தால் உடல் இறுகும், மனமும் சோரும்.

ரீவியிலிருந்து சுமார் 2 மீற்றர் தள்ளி நிற்கட்டும். பன்பாயைச் சுருட்டி வையுங்கள், ஓரத்தில் கால் தட்டும். சாறம் வேண்டாம்: இரண்டு காலையும் கினெக்ட் பிரித்தறியாது, படியெடுத்தாலும் புள்ளி விழாது. பாட்டாவும் வேண்டாம். பக்கத்தில் கனமான கதிரை ஒன்று இருக்கட்டும்.

நடுவில் கால் தரையோடு ஒட்டி உறைந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் முன்னுக்கு விழுவார். ஆட்டத்தை நிறுத்தி, உடல் பாரத்தை இடம் வலமாக மாற்றச் சொல்லி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி ஒரு பெரிய அடி வைக்கச் சொல்லுங்கள்.

கினெக்ட் இல்லாமல் வீ பலன்ஸ் போர்ட் (ஏறி நின்று ஆடும் நின்டெண்டோ வீ கேம் பலகை) என்றால் பின்பக்கமாக இறங்க விடவே கூடாது. உயரம் குறைவுதான், ஆனால் பின்னடியில்தான் தடுமாற்றம் அதிகம்.

வேகமான ஆட்டங்கள் இளைஞருக்கானவை, மெதுவான கட்டத்தையே கொடுங்கள். முதலில் 10 நிமிடம் போதும். தலை சுற்றினால் உடனே இருத்தி, தண்ணீர் கொடுத்து, பிரஷர் பாருங்கள்.