நடுக்கால்

பீரோ, கட்டில், கிச்சன் கப்போர்டு, பூஜை மண்டபம் என்று 22 வருடமாக மரவேலை செய்கிறேன். கட்டிலில் ஆள் படுப்பார், காலையில் எழுந்து போய்விடுவார். பீரோவில் துணி இருக்கும், தீபாவளிக்கு இரண்டு புடவை கூடும். இரவும் பகலும் இறக்கி வைக்காமல் அரை டன்னைச் சுமக்கிற சாமான் என்று நான் முதலில் செய்தது அந்த மீன் தொட்டி ஸ்டாண்ட்தான்.

ஸ்டாண்ட் கேட்டு வந்த வாடிக்கையாளருக்குப் பெரம்பூரில் வீடு. தம்பிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும், தனியார் வேலை. வாரா வாரம் கொளத்தூருக்குப் போய் மீன் கடைகளைச் சுற்றி வருகிறவர். "அண்ணே, ரெடிமேடா கிடைக்குது, ஆனா எனக்கு வேணாம். நானும் கூட நின்னு செய்யணும். நீங்க சொல்லிக் குடுங்க, நான் உப்புத்தாளாவது போடுறேன்" என்றார். கூட நின்று செய்கிறேன் என்று சொல்கிற வாடிக்கையாளர்கள் பாதி நாளில் போனைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். இவர் நான்கு நாளும் மொட்டை மாடியில் என்னோடு நின்றார்.

"கீழ சம்ப் வைக்க இடம் வேணும்" என்றார். எங்களுக்கெல்லாம் சம்ப் என்றால் வீட்டுக்கு அடியில் மெட்ரோ வாட்டர் நிரப்புகிற தொட்டி. இவர் சொன்னது வேறு. மேலே மீன் தொட்டி, அதற்கு நேர் கீழே ஸ்டாண்டுக்குள்ளேயே இன்னொரு சின்னக் கண்ணாடித் தொட்டி. மேலே நிரம்பி வழிகிற தண்ணீர் பைப் வழியாகக் கீழே இறங்கும். அங்கே தடுப்புத் தடுப்பாக ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் எல்லாம் இருக்கும். கடைசித் தடுப்பில் இருக்கும் மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். அந்த ரிங்கில் குடியிருக்கிற பாக்டீரியாதான் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றுகிறது, அது செத்தால் மீனும் சாகும் என்று விளக்கினார். அந்த விஷயம் எட்டு மாதம் கழித்து எனக்குத் தேவைப்படும் என்று அன்றைக்குத் தெரியாது.

முதலில் எடையைக் கணக்குப் போட்டோம். தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம். பெருக்கினால் 12 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஆக விளிம்பு வரை நிரப்பினால் 340 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு, மணலும் கல்லும் பிடிக்கிற இடத்தையும் கழித்தால் தண்ணீர் மட்டும் 300 கிலோ. 12 எம்எம் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ, அதில் ஒரு 75, 80. மணல், கல் 40. கீழே சம்ப்பும் அதன் தண்ணீரும் 60. எல்லாம் சேர்ந்து அரை டன்னை நெருங்கியது. இதைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கை குளிர்ந்தது.

மரத்துக்குப் பழைய வேங்கை எடுத்தோம். இடித்த வீட்டின் உத்தரம். பல வருடம் காய்ந்த மரம் இனிமேல் முறுக்காது. பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் ப்ளைவுட், மேலேயும் கீழேயும் 18 எம்எம், பக்கங்களுக்கு 12 எம்எம். அவர் வீட்டில் முன்பே ஒரு சின்னத் தொட்டி டிவி ஸ்டாண்டின் மேல் இருந்தது. பார்ட்டிகிள் போர்டு. தண்ணீர் சொட்டிய மூலை பன் மாதிரி உப்பி, மைக்கா தனியாகப் பிரிந்து நின்றது. அதைத் தொட்டுப் பார்த்த பிறகு ப்ளைவுட் விலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, எடை மரத்தின் மேல் மரமாக உட்கார்ந்து தரைக்கு இறங்க வேண்டும். காலின் பக்கத்தில் சட்டத்தை வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் பார்க்க உறுதியாகத்தான் இருக்கும், ஆனால் அரை டன்னும் அந்த ஸ்க்ரூவில் தொங்கும். ஸ்க்ரூவின் வேலை மரத்தைப் பிடித்து வைப்பது, சுமப்பது மரத்தின் வேலை. அதனால் மேல் சட்டம் நான்கு கால்களின் தலையில் நேராக உட்காரும்படி செய்தேன். கால் தலையில் நாக்கு எடுத்து, சட்டத்தில் துளை போட்டு, ஃபெவிகால் மெரைன் தடவி, கொட்டாப்புளியால் தட்டி இறக்கியபோது டக் என்று ஒரு சத்தம் வரும். தம்பி அந்தச் சத்தத்துக்காகவே நான்காவது காலைத் தானே தட்டினார்.

அப்புறம்தான் நடுக்கால். மேல் சட்டத்துக்கு என்னிடம் இருந்த கட்டை 3 அங்குல உயரம். 4 அடி நீளத்துக்கு அது நடுவில் தொய்யுமோ என்று ஒரு பயம். தொட்டியின் அடிக்கண்ணாடி ஒரு நூல் வளைவையும் தாங்காது என்று நினைத்து, முன்பக்கம் நடுவில் ஒரு கால் கொடுத்தேன். முன்னால் இரண்டு கதவு, நடுக்காலுக்கு இந்தப் பக்கம் 20 அங்குலம், அந்தப் பக்கம் 20 அங்குலம். பார்க்கவும் அழகாக வந்தது. சம்ப் 30 அங்குல நீளம், 12 அகலம், 14 உயரம். அது முன்பக்கமாக நுழையாது. அதனால் வலது பக்கப் பலகையை அடிக்கும் முன், அந்தப் பக்கமாக சம்ப்பை உள்ளே தள்ளினோம். பிறகு பலகைக்குப் பசை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி மூடினேன். மூடும்போது மனதில் ஒன்றும் உறுத்தவில்லை. 22 வருடம் செய்ததெல்லாம் உள்ளே வைத்து மூடுகிற வேலை, அந்தப் பழக்கம்.

உள்பக்கம் முழுக்க எபாக்ஸி பெயின்ட் இரண்டு கோட். மூலைகளில் சிலிக்கான். பிளக் போர்டைத் தரையிலிருந்து உயரத்தில், பின்பலகையின் மேல் மூலையில் வைத்தேன். ஒயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும் என்று தம்பி சொன்னார். ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எலக்ட்ரீஷியன் ஒருவரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. இப்போது வாஷிங் மெஷின் கப்போர்டு செய்தாலும் அப்படித்தான் விடச் சொல்கிறேன்.

தொட்டியை ஏற்றும் அன்றைக்கு ஆறு பேர். மேல் பலகையை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஒரு மணல் துகள் அடியில் சிக்கினால், முழு எடையும் அந்தப் புள்ளியில் ஏறிக் கண்ணாடி விரியலாம். அதற்கு மேல் 5 எம்எம் ஃபோம் ஷீட், அதற்கு மேல் தொட்டி. நம் ஊர் வீடுகளில் கழுவிவிட வசதியாகத் தரை வாசல் பக்கம் சரிந்திருக்கும். ரசமட்டம் வைத்துக் கால்களுக்கு அடியில் தகடு கொடுத்திருந்தேன். இருந்தாலும் கால்வாசி தண்ணீர் ஊற்றி நிறுத்தி, இரண்டு முனையிலும் தண்ணீர் உயரத்தை அளந்தோம். 3 எம்எம் வித்தியாசம். தண்ணீரை வெளியேற்றி, ஒரு காலுக்கு இன்னொரு தகடு. மறுபடி ஊற்றினோம், சரியாக வந்தது. முழுக்க நிரம்பியதும் இரண்டு முனைக் கண்ணாடியிலும் நீர்மட்டத்தில் மார்க்கரால் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்தேன்.

மோட்டாரை அணைத்தும் பார்த்தோம். இது முக்கியம். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், ஆனால் மேலே தண்ணீர் விடுகிற பைப் அதே வழியாகக் கீழே உறிஞ்சத் தொடங்கும். பைப்பின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு தண்ணீரும் சம்ப்புக்கு இறங்கும். இந்தத் தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினால் 14 லிட்டர். வாய் 2 அங்குலம் ஆழத்தில் இருந்தது, ஆக 28 லிட்டர். சம்ப்பில் அதற்கு மட்டும்தான் இடம் இருந்தது, விளிம்பில் ஒரு விரல்கடை மீதி. தம்பி பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போட்டார். நீர்மட்டம் துளைக்குக் கீழே போனதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். மீண்டும் அணைத்தோம். அரை அங்குலம் இறங்கி நின்றது. சென்னையில் மே மாதம் நள்ளிரவில் கரண்ட் போகும்போது அந்தத் துளைதான் வீட்டுத் தரையைக் காப்பாற்றுகிறது.

எட்டு மாதம் ஆகியிருக்கும். போன் வந்தது. "அண்ணே, உள்ள கீழ்ப்பலகை ஈரமா இருக்கு. சம்ப் மூலையில ஒட்டு விட்டுப்போச்சு. வெளிய எடுக்கணும்." எப்படி எடுப்பது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 30 அங்குலத் தொட்டி, 20 அங்குல வழி. நான் மூடிய பலகை.

போய்ப் பார்த்தேன். எபாக்ஸி அடித்த கீழ்ப்பலகை உப்பவில்லை, தண்ணீர் அதன் மேல் முத்து முத்தாக நின்றது. அவர் அம்மா, "என்னப்பா, மொத்தத்தையும் பிரிக்கணுமா?" என்று கேட்டார். பிரிப்பதென்றால் மேல் தொட்டியைக் காலி செய்து ஆறு பேர் தூக்க வேண்டும், மீன்களை டிரம்மில் விட வேண்டும். எட்டு மாதம் பழகிய மீன்கள். நான் தரையில் உட்கார்ந்து வலது பக்கப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடை கால்கள் வழியாகத்தான் இறங்குகிறது. இந்தப் பலகை சுமக்கவில்லை. ஆனால் சும்மாவும் இல்லை, ஸ்டாண்ட் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிப்பது இதுதான். முழுக்க எடுக்கக் கூடாது. கீழே 15 அங்குல உயரம், 13 அகலம் மட்டும் வெட்டினால், மேலே 7 அங்குலப் பலகை இரண்டு காலையும் சட்டத்தையும் பிடித்தபடி நிற்கும். எதிர்ப்பக்கப் பலகையும் பின்பலகையும் முழுசாக இருக்கின்றன.

மேல் தொட்டியில் தண்ணீரைப் பாதிக்கு இறக்கினோம். மீன்கள் அதிலேயே இருந்தன, ஏர் பம்ப் மட்டும் ஓடியது. பாக்டீரியா சாகாமல் இருக்க, ஸ்பாஞ்சையும் ரிங்கையும் தொட்டித் தண்ணீரோடு பக்கெட்டில் போட்டு, அதற்கும் காற்றுக் குமிழி விடுகிற ஒரு ஏர் ஸ்டோன் வைத்தார் தம்பி. சம்ப்பைக் கப்பால் மொண்டு காலி செய்தோம். சுவருக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவே இரண்டு ஆப்பு இறுக்கினேன். மிஷின் வைத்தால் அதிரும், அதனால் நான்கு மூலையிலும் துளை போட்டுக்கொண்டு, நுனி குறுகின கைரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தேன். நான் அறுக்க, தம்பி ஸ்டாண்டின் காலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நடுங்குதா?" "இல்லண்ணே." இரண்டு இழுப்பு, மறுபடி, "நடுங்குதா?" நாற்பது நிமிடம் இப்படியே. என் தலைக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஏஞ்சல் மீன் வந்து ரம்பம் போகும் திசையிலேயே திரும்பித் திரும்பிப் பார்த்தது.

பலகை கழன்றது. சம்ப் வெளியே வந்தது, இரண்டு பக்கமும் அரை அரை அங்குல இடைவெளியோடு. கடைக்காரர் மறுநாளே ஒட்டிக் கொடுத்துவிட்டார். சிலிக்கான் இறுகக் காத்திருந்து, அதே வழியாக உள்ளே தள்ளினோம். வெட்டிய பலகையின் பின்னால் சட்டம் கொடுத்து, இனிமேல் ஆறு ஸ்க்ரூவில் கழற்றி மாட்டும்படி செய்தேன். பசை போடவில்லை. அந்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை. தம்பி எவ்வளவோ சொன்னார், அது என் கணக்கில் வர வேண்டிய பிழை.

அதற்குப் பிறகு ஏழு ஸ்டாண்ட் செய்துவிட்டேன். நடுக்கால் ஒன்றிலும் இல்லை. சட்டத்தை 5 அங்குல உயரமாக, செங்குத்தாக நிற்க வைக்கிறேன். கட்டையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும், இதை முன்பே கணக்கில் எடுத்திருந்தால் நடுக்காலே தேவைப்பட்டிருக்காது. முன்பக்கம் முழுத் திறப்பு, மேல் தொட்டி நிறைந்திருக்கும்போதே சம்ப் வெளியே வரும். ஒப்படைக்கும் முன் சம்ப் அளவில் ஒரு அட்டைப்பெட்டி செய்து உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பார்க்கிறேன்.

அன்றைக்கு வேலை முடிந்து மேல் தொட்டியை மறுபடி நிரப்பினோம். தண்ணீர் ஏற ஏற நான் வலது முனையில் குனிந்து நின்றேன், தம்பி இடது முனையில். எட்டு மாதத்துக்கு முன் போட்ட மார்க்கர் கோடு இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. "என் பக்கம் கோட்டைத் தொட்டுடுச்சுண்ணே" என்றார். என் பக்கமும் தொட்டிருந்தது.