ஒண்ணா, ரெண்டா

"டாக்டர், அந்த 6.9 இன்சுலினுக்கு முன்னாடி எடுத்ததா? ஒண்ணு போடவா, ரெண்டு போடவா?"

"ஒண்ணு போடுங்க."

டெக்னீஷியன் கேட்டது இரண்டு கேள்வி. நான் பதில் சொன்னது ஒன்றுக்கு.

6.9 என்பது நோயாளியின் ரத்தப் பொட்டாசியம், ஆபத்தான உயரம். டயாலிசிஸ் திரவத்தில் பொட்டாசியம் 1 மில்லிமோல் போதும் என்ற முடிவு அது; திரவத்தில் எவ்வளவு குறைவோ, ரத்தத்திலிருந்து அவ்வளவு வேகமாக இறங்கும். இரண்டு நாள் இடைவெளி விட்டு வந்த நோயாளி. ஈசிஜியில் டி அலை கூம்பியிருந்தது, அது பொட்டாசியம் ஏறியதன் அடையாளம். பி அலை தெரிந்தது, கியூஆர்எஸ் அகலவில்லை, அதாவது இன்னும் மோசமான கட்டத்துக்குப் போகவில்லை. அவசரப் பிரிவில் இதயத்தைக் காக்க கால்சியம் குளுக்கோனேட்டும், பொட்டாசியத்தை இறக்க 25 கிராம் குளுக்கோஸோடு 10 யூனிட் இன்சுலினும் கொடுத்திருந்தார்கள். டயாலிசிஸின் ஐம்பதாவது நிமிடம் மானிட்டரில், இதயத்தின் கீழறையான வென்ட்ரிக்கிளிலிருந்து தாளம் தப்பிய துடிப்புகள் அடுத்தடுத்து வரத் தொடங்கின.

உடலிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. நான்கு மணி நேர டயாலிசிஸ் எடுப்பது 70 முதல் 100 மில்லிமோல். அதில் பெரும்பகுதி உள்ளிருந்து ஊறி வந்தாக வேண்டும். ஊறுவது மெதுவாக, இறைப்பது வேகமாக. அதனால் முதல் மணி நேரத்திலேயே ரத்த அளவு ஏறத்தாழ 1 இறங்குகிறது, அடுத்த 1 இறங்க இரண்டு மணி நேரம் ஆகிறது. இன்சுலின் ஏற்கெனவே பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. திரவத்திலிருந்து ஏறும் பைகார்பனேட்டும் அதே திசையில் தள்ளும். மூன்று பக்கமும் இழுத்தால் செல் சவ்வின் உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் உள்ள விகிதம் சட்டென்று மாறும். இதயம் தடுமாறுவது அந்த வேகத்தில்தான்.

திரவத்தின் கால்சியம் 1.25. அந்தக் குறைந்த அளவு ஈசிஜியில் க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியது; அது நீண்டால் தாளம் குலையலாம். பொட்டாசியத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை நான் பார்க்கவில்லை.

ஆனால் குளுக்கோனேட்டின் பாதுகாப்பு 30 முதல் 60 நிமிடம்தான். அது விலகிய நேரமும் இந்தத் துடிப்புகளும் ஒன்றாக விழுந்திருக்கலாம். அப்படியானால் ஒன்றோ இரண்டோ, எதைப் போட்டிருந்தாலும் இதே நடந்திருக்கும். இப்படி நினைக்கும்போது மனம் லேசாகிறது. அதனாலேயே அதை நம்பத் தயக்கம்.

திரவத்தின் பொட்டாசியத்தை 3க்கு மாற்றி, மெஷினுக்குப் போகும் ரத்த ஓட்டத்தை நிமிடத்துக்கு 300 மில்லியிலிருந்து 200க்குக் குறைத்தோம். இருபது நிமிடத்தில் தாளம் அடங்கியது. அப்போது எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.4. அறிக்கையில் அது இயல்பான அளவு. ஆறு மணி நேரம் கழித்து 5.7, இன்சுலின் உள்ளே ஒளித்துவைத்தது வெளியே வந்துவிட்டது. டயாலிசிஸ் உடனே கிடைக்கும் என்றால் இன்சுலின் தேவையா என்று யோசிக்க வேண்டியது இதனால்தான்: உள்ளே போன பொட்டாசியத்தை மெஷினால் எடுக்க முடியாது.

2011இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, நீண்ட இடைவெளி முடியும் நாளில் இறப்பு அதிகம் என்றது. அதே ஆண்டின் இன்னொன்று, திரவத்தின் பொட்டாசியம் 2க்குக் கீழே போவதைத் திடீர் இதய நிறுத்தத்தோடு தொடர்புபடுத்தியது. அன்று படுக்கையிலிருந்தவர் இரண்டு ஆய்வுக்கும் நடுவில் இருந்தார்.

இப்போது ஊசி குத்தியதும், மெஷினை இணைக்கும் முன் ரத்தம் எடுத்து, ரத்த வாயு கருவியில் சில நிமிடத்தில் அளவு பார்க்கிறோம். முதல் குழாயில் ஹீமோலைசிஸ் ஆகி, அதாவது சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் கசிந்து, எண் பொய்யாக ஏறியதோ என்ற சந்தேகத்துக்கு இந்தப் புது ரத்தம் பயன்படும். ஆனால் இதிலும் அணுக்கள் உடைந்திருந்தால் அந்தக் கருவி காட்டிக்கொடுக்காது என்பதால் ஆய்வகத்துக்கும் ஒரு குழாய் போகிறது. திரவத்தின் பொட்டாசியத்தை 3இல் தொடங்கிப் படிப்படியாக 2க்கு இறக்குகிறோம். கால்சியம் 1.5. ஒரு மணி நேரத்தில் மறுபடி ரத்தம்.

கியூஆர்எஸ் அகன்று, 7.8 என்று எண் வந்து நின்றால்? அப்போதும் "ஒண்ணு போடுங்க, முதல் ஒரு மணி நேரம் மட்டும்" என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அந்த முதல் மணி நேரத்தில்தான் சரிவு மிகச் செங்குத்து என்று தெரிந்தே.