எலீட்டின் விலைப்பட்டியல்

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் எலீட்டுக்கு மேல் எனக்கு ஒன்றும் கிடையாது. விண்கப்பலில் கிரகம் கிரகமாகப் போய்ச் சரக்கு வாங்கி விற்கும் விளையாட்டு அது. கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டருக்காக எழுதி, 1984இல் வெளிவந்தது. அந்த மெஷினுக்கு ராம் 32 கிலோபைட்தான். திரையில் தெரிகிற படத்துக்கும் அதிலிருந்தே இடம் ஒதுக்கவேண்டும். அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள்! பெயர், ஆட்சி, பொருளாதாரம் எதையும் சேமித்து வைக்கவில்லை. மூன்று எண்கள், மொத்தம் 6 பைட். அதிலிருந்து வேண்டியபோது கணக்குப் போட்டு வரவழைத்துக்கொள்கிறது. 100 ஜிபி விளையாட்டு இறங்குவதற்காகக் காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 6 பைட் ஞாபகம்தான் வரும்.

80களின் நடுவில் மத்திய அரசின் கிளாஸ் (CLASS) என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்ததும் இதே பிபிசி மைக்ரோதான். மேல் வரிசையில் சிவப்புச் சாவிகள் கொண்ட அந்தக் கீபோர்டில்தான் நான் பேசிக் (BASIC) நிரல்மொழி பழகினேன். எலீட் கிடைத்தது வெகு காலம் கழித்து, பழைய மெஷினைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில்.

இப்போது அதன் மூல நிரலே வரிக்கு வரி விளக்கத்தோடு இணையத்தில் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது விலைப்பட்டியலை. 17 சரக்குகள், ஒவ்வொன்றுக்கும் 4 பைட். விவசாயக் கிரகத்தில் உணவும் துணியும் மலிவு, கம்ப்யூட்டர் விலை அதிகம். தொழில் கிரகத்தில் நேர்மாறு. அப்புறம் அடிமைகள்: விவசாயக் கிரகத்தில் மலிவாக வாங்கித் தொழில் கிரகத்தில் லாபத்துக்கு விற்கலாம். போதைப்பொருள் எதிர்த்திசையில் போகிறது. காலனிய வணிகத்தின் வரைபடத்தையே 68 பைட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. எலீட்டில் போதைப்பொருளோடு கப்பலைக் கிளப்பினால் நீங்கள் குற்றவாளி, போலீஸ் துரத்தும். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி மாட்டிக்கொள்ளவில்லை. 1773இல் வங்காள அபினியைத் தன் ஏகபோகமாக்கி, கல்கத்தாவில் ஏலம் விட்டுக் காசை வாங்கிக்கொண்டது. சீனாவுக்குக் கடத்திப்போனது தனியார் கப்பல்கள். தன் கப்பல்களில் அபினி ஏறாமல் கம்பெனி பெரும்பாலும் பார்த்துக்கொண்டது. பிபிசியின் ‘பிளேக்ஸ் 7’ விண்வெளித் தொடரைப் பார்த்தவர்களுக்கு நான்காம் சீசனின் பைலீன்-50 என்ற மருந்து நினைவிருக்கும். மக்களின் எதிர்ப்பை மருந்தால் அடக்கிக் கிரகம் கிரகமாகப் பிடிக்கும் ஃபெடரேஷன். அட்டை செட்டுகளையும் மலிவான மாடல் கப்பல்களையும் தாண்டி அந்தத் தொடர் என்னைப் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம், பேரரசு எப்படி நடக்கிறது என்பதை அது நன்றாகப் புரிந்துவைத்திருப்பதுதான்.

எலீட்டில் எனக்கு ஒத்துவராத இடம் வேறு. அங்கே விவசாயக் கிரகம் என்றைக்கும் விவசாயக் கிரகம்தான். முதலில் சொன்ன அந்த மூன்று விதை எண்களிலேயே விதி எழுதியாயிற்று. நம் சோழமண்டலக் கரை அப்படியா இருந்தது? இங்கிருந்து கப்பலேறிய சாயத் துணி லண்டனில் அவ்வளவு விற்றதால்தான் இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. 1734இல் சிந்தாதிரிப்பேட்டையைக் கம்பெனி உருவாக்கியதே நெசவாளர்களைக் குடியமர்த்தத்தான். நூறு வருடத்துக்குள் லங்காஷயர் மில் துணி இங்கே வந்து குவிந்தது. விவசாய நாடு என்று பிறகு பாடப்புத்தகத்தில் எழுதப்பட்டது பிறவிக் குணம் இல்லை, ஆக்கி வைத்தது.

இதை எலீட்டுக்குள் கொண்டுவர ஆசை. ஒரு கிரகத்தில் வெளித்துணியை விற்க விற்க அதன் பொருளாதார எண் தொழிலிலிருந்து விவசாயத்தை நோக்கி ஒவ்வொரு படியாக நகரவேண்டும். அதற்கு ஒரு கிரகத்துக்கு ஒரு பைட் என்றாலும் ஒரு மண்டலத்துக்கே 256 பைட் வேண்டும். மூல வடிவத்தில் அவ்வளவு இடம் கிடையாது. ஆனால் பிபிசி மைக்ரோவோடு கூடுதலாக இணைக்கும் இரண்டாவது 6502 செயலியில் ஓடும் எலீட் ஒன்று இருக்கிறது, அதற்கு 64 கிலோபைட். அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.