94 என்று வந்த ரிப்போர்ட்

ரிப்போர்ட் போனுக்கு வரும்போது இரவு பதினோரு மணி. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: சிஏ 125, அளவு 94. இயல்பு 35-க்குள். அந்தப் பகுதிக்குத் தலைப்பு ‘புற்றுநோய்க் குறியீடுகள்’. எனக்கு வயது 41. பக்கத்தில் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை. விடியும்வரை இணையத்தில் தேடினேன். சினைப்பைப் புற்றுநோயின் நான்கு நிலைகளும் மனப்பாடமானதுதான் மிச்சம்.

இந்தச் சோதனையை எந்த மருத்துவரும் எனக்கு எழுதித் தரவில்லை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் அதுவும் சேர்ந்திருந்தது. நிறைய சோதனை இருந்தால் நல்லதுதானே என்று நானேதான் பெரிய தொகுப்பாகப் பார்த்து எடுத்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்த மகளிர் மருத்துவர் அந்த எண்ணைக் கண்டு பதறவில்லை. ரத்தம் எடுத்த தேதியைப் பார்த்துவிட்டு, “அன்னைக்குப் பீரியட்ஸா?” என்றார். விரல்விட்டு எண்ணினேன். இரண்டாம் நாள். மாதவிலக்கின்போது இந்த அளவு தானாகவே ஏறக்கூடுமாம். சிஏ 125 என்பது ஒரு புரதம், அது சினைப்பைப் புற்றுநோய்க்கு மட்டும் சொந்தமானதல்ல. கருப்பையின் உட்சுவரிலும், வயிற்றறையையும் நுரையீரலையும் இதயத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வுகளிலும் உண்டு. கர்ப்பம், கருப்பைக் கட்டி, வயிற்றில் காசநோய், கல்லீரல் சுருங்கி நீர் கோத்துக்கொள்வது, இதயச் செயலிழப்பு என்று அந்தச் சவ்வுகளை எது உறுத்தினாலும் ரத்தத்தில் கூடும். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். விலக்கு முடிந்து ஒரு வாரம் கழித்து ரத்தத்தையும் மறுபடி பார்க்கச் சொன்னார். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டதைப் பார்த்து, “லேபில் உயிர்வேதியியல் டாக்டர் இருப்பார், அவரிடம் பேசுங்கள், பொறுமையாகச் சொல்வார்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் அதுவரை ரத்தத்தில் புற்றுநோய்ச் செல்லைத் தேடி எண்ணுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். லேப் டாக்டர் ஒரு பழைய கவரைத் திருப்பி, அதன் மேல் பேனாவால் ‘ஒய்’ வடிவத்தில் ஒன்று வரைந்தார். பள்ளிப் பாடத்தில் எதிர்ப்பொருள் என்று படித்தோமே, அந்த ஆன்டிபாடி. அதன் இரண்டு கைகளும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் பிடிக்கும். மேலே முடிச்சுப் போட்ட கயிறு மாதிரி ஒரு கோடு. அதுதான் சிஏ 125 புரதம். அதற்கும் மேலே தலைகீழாக இன்னொரு ‘ஒய்’. கீழே உள்ள ஆன்டிபாடி புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே வருவது அதே புரதத்தை வேறொரு இடத்தில் பிடிக்கும். அதன் முதுகில் ஒளி விடும் ஒரு மூலக்கூறு. பிறகு கழுவுவார்கள். எதையும் பிடிக்காத ஆன்டிபாடிகளெல்லாம் ஓடிவிடும். மிஞ்சிய ஒளியை மெஷின் அளக்கும். ஒளி அதிகமென்றால் புரதம் அதிகம். பழைய எலைசா முறையில் ஒளிக்குப் பதில் நிறம்: கிணறு கிணறாக இருக்கும் தட்டில் தெளிந்த நீர் நீலமாகும், அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும். மஞ்சளின் அடர்த்திதான் கணக்கு.

அப்புறம் அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. “முடி கொட்டுகிறதென்று ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா?” ஆமாம், நான்கு மாதமாகப் பயோட்டின் என்ற வைட்டமின், தினம் 10 மில்லிகிராம். அவர் கவரில் கீழே இருந்த ‘ஒய்’யின் காலடியில் ஒரு கொக்கி போட்டார். அவர்கள் மெஷினில் அந்த ஆன்டிபாடியைக் காந்தத் துகளோடு சேர்த்துக் கட்டுகிற கயிறே பயோட்டின்தான். துகளின் மேல் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசியிருக்கும். பயோட்டின் அதில் பசைபோல் ஒட்டும். ரத்தத்தில் மாத்திரையின் பயோட்டின் மிதந்தால் அந்த இடங்களை அது முந்திப் பிடித்துக்கொள்ளும். ஆன்டிபாடி புரதத்தைப் பிடித்திருந்தாலும் ஒட்ட இடமில்லாமல் கழுவும்போது போய்விடும். அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

ஆக, விலக்கு எண்ணை ஏற்றியிருக்கலாம், மாத்திரை இறக்கியிருக்கலாம். எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடாத 94-க்கு அவ்வளவுதான் மரியாதை. ரத்தம் கொடுக்கும்போது இந்த இரண்டு கேள்வியையும் ஒருவரும் கேட்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

மாத்திரையை நிறுத்தி, நாள் பார்த்து, அதே லேபில் மறுபடி கொடுத்தேன். “ஏன் இங்கேயே? வேறு இடத்திலும் பார்த்து ஒப்பிடலாமே?” என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றார் லேப் டாக்டர். ஒவ்வொரு நிறுவனத்தின் ஆன்டிபாடியும் அந்த நீளமான புரதத்தை அதனதன் விதத்தில் பிடிக்கும், எண்கள் ஒத்துப்போகாது, குழப்பம்தான் கூடும். இந்த முறை 78.

அவர் சொன்ன பழங்கதை ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. 1981-இல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் சினைப்பைப் புற்றுநோய்ச் செல்களை எலிக்குச் செலுத்தி, அதன் உடல் உண்டாக்கிய ஆன்டிபாடிகளை ஒவ்வொன்றாகச் சலித்தார்கள். உருப்படியாக வந்ததன் வரிசை எண்தான் 125. 1983-இல் 888 ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது 35-ஐத் தாண்டியவர்கள் நூற்றில் ஒருவர். அந்த 35தான் என் ரிப்போர்ட்டில் இருந்த கோடு. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆன்டிபாடி பிடித்துக்கொண்டிருந்தது எந்தப் புரதத்தை என்று மரபணு அளவில் தெரிந்தது 2001-இல்தான். இருபது வருடம் பெயர் தெரியாத ஆளைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் கட்டி. இடதில் ஐந்து சென்டிமீட்டர், வலதில் இரண்டு. உள்ளே திடமான பகுதி இல்லை, வயிற்றில் நீர் இல்லை. மகளிர் மருத்துவர் என் கண்முன்னாலேயே ஒரு பெருக்கல் போட்டார். ஸ்கேனில் சந்தேகத்துக்குரிய அம்சம் ஒன்று, அதாவது இரு பக்கமும் கட்டி இருப்பது: அதற்கு 1. மாதவிலக்கு நிற்கவில்லை: அதற்கும் 1. இரண்டையும் 78-ஆல் பெருக்கினால் 78. 200-ஐத் தாண்டினால்தான் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் உடனே அனுப்புவார்களாம். “இதே ரிப்போர்ட், இதே ஸ்கேன், மாதவிலக்கு நின்ற ஒருவருக்கு என்றால்?” என்றேன். நின்றவர்களுக்கு 1-க்குப் பதில் 3. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். 234. என் அம்மாவாக இருந்திருந்தால் வேறு கதவைத் தட்டியிருப்போம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ரோஸ்கோபி அறுவை செய்தார்கள். எடுத்தது சாக்லேட் கட்டி, அதாவது கருப்பையின் உட்சுவர் போன்ற திசு சினைப்பையில் வளரும் எண்டோமெட்ரியோசிஸ். பயாப்ஸிக்குக் காத்திருந்த எட்டு நாள்தான் நீளம். புற்றுநோய் இல்லை என்று எழுத்தில் சொன்னது அந்த ரிப்போர்ட்தான், ரத்தச் சோதனை அல்ல. ரத்த எண் 20 வந்திருந்தாலும் இல்லை என்று ஆகியிருக்காது. ஆரம்ப நிலையில் இருக்கும் பலருக்கு இந்த அளவு ஏறுவதே இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2021-இல் முடிவு சொன்னது: அறிகுறி இல்லாதவர்களுக்கு வருடாவருடம் இதைப் பார்த்ததால் இந்தப் புற்றுநோயால் வரும் மரணம் குறையவில்லை. தொகுப்பு விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கப் போனேன் (21 வந்தது). பக்கத்து நாற்காலியில் தலையில் துணி சுற்றிய ஒரு அம்மா, மடியில் சின்ன நோட்டு. பேச்சு வந்தது. சினைப்பைப் புற்றுநோய், அறுவை முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் இதே சோதனை. நோட்டைக் காட்டினார். தேதியும் எண்ணும்: 1,840, 610, 203, 94.

“எனக்கும் 94 வந்துச்சும்மா, ராத்திரி பூரா தூங்கலை” என்றேன்.

“எனக்கு 94 வந்த அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்” என்றார். அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கடைசி வரியில் அன்றைய தேதியை எழுதி, எதிரே இடம் விட்டிருந்தார்.