நிழல் விழாத கதையை விடுங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலில் போன மாதமும் அதே கதையைக் கேட்டேன், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று. நாங்கள் அப்போது நின்றுகொண்டிருந்ததே அந்த நிழலில்தான். பக்கத்தில் ஒரு சிறுமி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. 1010-இல் முடிந்த கோயில், அதைக் கட்டிய காலத்து ஆட்களின் பெயர்கள் சுவரிலேயே இருக்கின்றன! ஊர் ஊராகக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேர், ஒவ்வொருவரும் எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தச் சிறகில், அதாவது தெருவின் எந்த வரிசையில், எத்தனையாம் வீடு என்பது வரை, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கோடு வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் கணக்கர், தையல்காரர், நாவிதர், குயவர் என்று நீளும். ராஜராஜனே ‘நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லில் வெட்டச் சொன்னவர். அந்த அக்கன்தான் அவருடைய அக்கா குந்தவை. ராஜாவே இத்தனை பேரைச் சேர்த்து எழுதச் சொல்லியிருக்க, நாம் மட்டும் ராஜாவையும் கல்லின் எடையையும் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறோம்.

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். அந்தக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் இன்றைய தமிழில் ஒரு பலகை, நாலு வரி, இரண்டு மூன்று பெண்களின் பெயரும் அவர்கள் ஊரும். திருவாரூரிலிருந்து வரும் குழந்தை தன் ஊர்ப் பெயரை அந்தக் கல்லில் விரல் வைத்துத் தேடட்டும்.