புல்வெளியில் ஒரு மஞ்சள் பூ

"உங்கள் புல்வெளி நன்றாக மஞ்சளாகிக்கொண்டு வருகிறதே" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அது பாராட்டு அல்ல என்பதை அவர் நீட்டிய களைக்கொத்து தெளிவாக்கியது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அழகுக்காக மட்டும் களைக்கொல்லி தெளிப்பது 2009 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால், மே மாதம் வந்தாலே டொராண்டோவின் ஸ்காபரோத் தெருக்களில் டான்டலியன் என்னும் மஞ்சள் பூக் களையும் அண்டை வீட்டார் மனத்தாங்கலும் சேர்ந்தே பூக்கின்றன.

பிடுங்குமுன் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று சிறியதை மிக நெருங்கிப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸைப் பொருத்தியதில் வேலை கெட்டது. பூவை அதன் உண்மை அளவுக்கே கேமராவின் சென்சாரில் விழவைக்கும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுவதால், முழங்கையைப் புல்லில் ஊன்றி மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டியிருந்தது. இதழ் என்று நாம் எண்ணுகிற ஒவ்வொன்றும் அங்கே தனிப் பூ. ஒவ்வொன்றின் நுனியிலும் ஐந்து நுண்ணிய பற்கள். நடுவிலிருந்து எழும் சூலகமுடி இரண்டாகப் பிளந்து ஆட்டுக்கடாவின் கொம்புபோலச் சுருண்டு, மகரந்தத்தைச் சுமந்து நிற்கிறது. இத்தனை மகரந்தம் இருந்தும், இங்குள்ள டான்டலியன்கள் பெரும்பாலும் அதன் துணையில்லாமலேயே விதை கட்டிவிடுகின்றன. தன்மானம் மிக்க செடி.

பனியை வாரிக் கொட்டவும், பூஜ்ஜியத்துக்குக் கீழே போன நாளை 'சுமாரான குளிர்' என்று சொல்லவும் பழகி, இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். ஆனால் அந்தப் பற்களைக் கண்டதும் மனம் திண்டுக்கல் பக்கத்துக் கிணற்றடிக்குப் போய்விட்டது. காம்பை மடக்கி நாங்கள் தலையைத் தெறிக்கவிட்ட தாத்தாப் பூவும், காலில் மண்வெட்டி பட்டால் அப்பத்தா கசக்கிப் பிழிந்த அதன் இலையும் நினைவுக்கு வந்தன. தம்பியை நச்சரித்துக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அதுவும் டான்டலியனைப் போலவே சூரியகாந்திக் குடும்பம். ஓரத்து வெளிர்நிறப் பூக்களுக்கு மட்டும் மூன்று பற்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டான்டலியன் ஐரோப்பியக் குடியேறிகளோடு இங்கே வந்தது. நம் மண்ணின் மூலிகை என்று நான் பெருமை பேசிய தாத்தாப் பூவோ நடு அமெரிக்காவிலிருந்து நம் ஊருக்குப் போனது. இரண்டில் இந்தக் கண்டத்துக்கு உரியது எங்கள் கிணற்றடிப் பூண்டுதான்.

படங்களை அம்மாவுக்கு அனுப்பினேன். "களையைப் பார்க்க இவ்வளவு விலையில் கண்ணாடியா? கீரையாக இருந்தாலாவது கடைந்து சாப்பிடலாம்" என்றார். சாப்பிடலாம்தான், டான்டலியன் இலையை இங்கே காய்கறிக் கடையில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். பாசிப்பருப்புப் போட்டுக் கடைந்தும் கசப்பு அடங்கவில்லை. தேங்காயைக் கஞ்சத்தனமாகப் போட்டிருப்பேன் என்பது அம்மாவின் தீர்ப்பு.